உலகத்துக்கு ஒரே மொழி வருமா?

கடலூர் மாவட்டம் நல்லூர் பகுதியில் ஒரு தொழிலாளி பீங்கான் பொம்மை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில்தான் விருத்தாசலம். பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர்.

பொம்மை வாங்க ஒரு ஜப்பான்காரர் வருகிறார். பொம்மையைக் கையில் எடுக்கிறார். சிரிக்கிறார். விலை என்ன? விரலைக் காட்டினால் போதும்.

ஆனால் வியாபாரம் அதோடு முடியுமா? "சூளையில் எத்தனை மணி நேரம் சுட்டீர்கள்? சாயம் போகாதே? அடுத்த மாதம் 5 ஆயிரம் பொம்மை தர முடியுமா? வழியில் உடைந்தால் யார் பொறுப்பு?" இவ்வளவும் அவர் கேட்டாக வேண்டும். இதற்கு விரல் போதாது. மொழி வேண்டும்.

எந்த மொழி? அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு ஜப்பான் மொழி தெரியாது. இருவரும் தேடுவது இங்கிலீஷை! இருவருக்கும் அது சொந்த மொழி அல்ல.

நெய்வேலியில்

இது கற்பனை. நிஜமாக நடந்ததும் உண்டு. விருத்தாசலத்துக்குக் கிழக்கே நெய்வேலி இருக்கிறது. அங்கே 1956-ம் ஆண்டு பழுப்பு நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது. 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. மண்ணை வெட்டும் ராட்சத எந்திரங்கள் ஜெர்மனியில் இருந்து வந்தன. மின்சார நிலையம் கட்ட ரஷியா உதவியது.

நிலக்கரிக்கு மேலே இருந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் பீங்கான் தொழில் வளர அதுவும் ஒரு காரணம்.

ஒருவர் பேசுவது ஜெர்மன். ஒருவர் பேசுவது ரஷிய மொழி. வேலை செய்கிறவர் தமிழர். இந்த மூன்று பேருக்கும் நடுவே பாலமாக நின்றது இங்கிலீஷ்.

தலையை எண்ணினால் போதுமா?

உலகத்தில் ஏறத்தாழ 7 ஆயிரம் மொழிகள் இருக்கின்றன. தாய்மொழியாகப் பேசுகிறவர்களை எண்ணினால் சீன மொழிக்கே முதல் இடம். அப்படி இருக்க, அது ஏன் உலகப் பொது மொழி ஆகவில்லை?

சீன மொழியைப் பேசுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்களே. இங்கிலீஷ் கதை வேறு. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை விட, படித்துத் தெரிந்துகொண்டவர்களே அதிகம்.

இங்கிலீஷ் சுலபமான மொழி என்று யாரும் நினைக்க வேண்டாம். கத்திக்கு இங்கிலீஷில் "நைப்" என்று பெயர். எழுதும்போது முதல் எழுத்து "கே". அந்தக் "கே"யை யாரும் உச்சரிப்பது இல்லை! பிறகு ஏன் அதை எழுத வேண்டும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்கும் நியாயமான கேள்விதான்.

இங்கிலீஷைப் பரப்பியது அதன் இலக்கணம் அல்ல. வெள்ளைக்காரனின் கப்பலும் பீரங்கியும் முதலில் பரப்பின. பிறகு அமெரிக்காவின் பணம், சினிமா, விஞ்ஞானம், கம்ப்யூட்டர் ஆகியவை பரப்பின.

டாக்டர் செய்த மொழி

"யாருக்கும் சொந்தம் இல்லாத புது மொழி ஒன்றைச் செய்தால் என்ன?" என்று ஒருவர் நினைத்தார். அவர் பெயர் சாமன்கோப். கண் டாக்டர். அவர் பிறந்த பியாலிஸ்டாக் நகரம் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. அப்போது அது ரஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. யூதர், போலந்துக்காரர், ரஷியர், ஜெர்மானியர் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாமல் சண்டை வளர்ந்ததைச் சிறு வயதில் அவர் பார்த்தார்.

1887-ம் ஆண்டு தமது புது மொழியை வெளியிட்டார். அதுதான் எஸ்பெராண்டோ. இலக்கண விதிகள் 16 மட்டுமே. பெயர்ச்சொல் எல்லாம் "ஓ" என்று முடியும். எழுதுகிறபடியே வாசிக்க வேண்டும்.

முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு சர்வதேச சங்கத்தில் இந்த மொழியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. பிரான்சு எதிர்த்தது. பிரெஞ்சு மொழியே ராஜதந்திரிகளின் பொது மொழி என்று அந்த நாடு பெருமைப்பட்ட காலம் அது! பிறகு ஹிட்லரும் ஸ்டாலினும் எஸ்பெராண்டோக்காரர்களை வேட்டையாடினார்கள்.

இன்றும் அதைப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த மொழிக்கு ஒரு நாடும் இல்லை. ஒரு சந்தையும் இல்லை. அதைப் படித்தால் வேலை கிடைக்காது. வேலை தராத மொழியை எந்தத் தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பான்?

349 உயிர்கள்

பொது மொழி எதற்கு, அவரவர் மொழியே போதும் என்று சொல்லிவிடவும் முடியாது.

1996-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி. டெல்லியில் இருந்து ஒரு சவுதி அரேபிய விமானம் மேலே ஏறிக்கொண்டு இருந்தது. கஜகஸ்தான் விமானம் ஒன்று டெல்லியை நோக்கி இறங்கிக்கொண்டு இருந்தது. "15 ஆயிரம் அடியில் நில்லுங்கள்" என்று கஜகஸ்தான் விமானத்துக்கு உத்தரவு. அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்களும் மோதின. இருந்தவர்கள் 349 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

கஜகஸ்தான் விமானிகளுக்கு இங்கிலீஷ் போதிய அளவு தெரியாததும் விபத்துக்கு ஒரு காரணம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. வெளிநாடுகளுக்குப் பறக்கும் விமானிகளுக்கு 2008 முதல் மொழித் தேர்வு கட்டாயம் ஆயிற்று.

யாருக்கு லாபம்?

ஆகவே பொது மொழி தேவைதான். தகராறு வருவது எங்கே? பொது மொழி ஒரு சாராரின் தாய்மொழியாக இருக்கும்போதுதான். அவர்கள் பிள்ளை தொட்டிலிலேயே அதைக் கற்றுவிடும். மற்றவர்கள் பிள்ளை பத்து வருடம் படித்தாலும் தடுமாறும். பரீட்சை ஒன்றுதான், ஓட்டம் தொடங்கும் இடம் இரண்டு!

இந்தியாவில் 1965 ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சி மொழி என்று ஏற்பாடு. தமிழ்நாடு கொதித்தது. மறுநாள், நல்லூருக்குக் கிழக்கே உள்ள சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1938-ல் பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கொண்டுவந்த ராஜாஜியே, பிற்காலத்தில் இங்கிலீஷ் நீடிக்க வேண்டும் என்று வாதாடினார்! 1967-ல் சட்டம் திருத்தப்பட்டது. இந்தி பேசாத மாநிலங்கள் வேண்டாம் என்று சொல்லும் வரை இங்கிலீஷும் இருக்கும் என்று ஆயிற்று.

இலங்கையில் 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்று சட்டம் செய்தார்கள். தமிழ் உத்தியோகஸ்தர்கள் சிங்களம் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்கு ஆபத்து. அந்தப் புண் ஆறவே இல்லை. 1987-ல் தமிழையும் ஆட்சி மொழி ஆக்கினார்கள். அதற்குள் நாடு யுத்தத்தில் எரிந்துகொண்டு இருந்தது.

சிங்கப்பூரில் சீனர்களே பெரும்பான்மை. ஆனாலும் மலாய், சீனம், தமிழ், இங்கிலீஷ் நான்கும் ஆட்சி மொழிகள். நடைமுறையில் எல்லோரையும் இணைப்பது இங்கிலீஷ்.

இனி?

இப்போதைக்கு இங்கிலீஷை அசைக்க வேறு மொழி இல்லை. ஆனால் ஐரோப்பாவில் படித்தவர்கள் அனைவரும் லத்தீன் எழுதிய காலமும் இருந்தது. அது போயிற்று.

கைபேசியில் தமிழில் பேசினால் ஜப்பான் மொழியில் சொல்லும் வசதி வந்துவிட்டது. பொம்மை வியாபாரத்துக்கு அது போதும். வழக்கு வந்தால்?

சுப்ரீம் கோர்ட்டு தனது தீர்ப்புகளைத் தமிழ் உள்பட இந்திய மொழிகளில் 2019 முதல் வெளியிட்டு வருகிறது. கம்ப்யூட்டர் உதவியால் மொழிபெயர்க்கிறார்கள். நல்லூர் விவசாயி தமது வழக்கின் தீர்ப்பைத் தமிழில் வாசிக்க வழி பிறந்து இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால், செல்லுபடி ஆவது இங்கிலீஷில் உள்ள தீர்ப்புதான்.