மகமை இல்லாமல் சிவகாசி இல்லை

"இலவச அரிசி கொடுத்தே ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள், சிவகாசிக்காரர்களைப் பாருங்கள், யாரையும் எதிர்பார்க்காமல் முன்னுக்கு வந்தார்கள்" என்ற பேச்சை எங்கும் கேட்கிறோம். சிவகாசி, விருதுநகர் நாடார் வணிகர்களின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கோயிலுக்குள் நுழையவே வழக்காட வேண்டியிருந்த சமூகம் வானம் பார்த்த பூமியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும் வளர்த்தது பெரிய சாதனை. ஆனால் அந்தச் சாதனை தனி மனிதர் தன்னந்தனியாக நின்று செய்ததல்ல. ஊர்தோறும் இருந்த நாடார் சமூக அமைப்பான உறவின்முறை, ஒவ்வொரு வியாபாரியிடமும் சரக்குக்கு ஏற்ப மகமை என்ற பொதுநிதி வாங்கியது. அந்தப் பணத்தில் முதலில் வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் எழுந்தன. பிறகு பள்ளிக்கூடங்கள் வந்தன. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்காகப் பெண்கள் உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். தூத்துக்குடியில் 1921-இல் சமூகத்துக்கென ஒரு வங்கியே உருவானது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போன 1922-இல், இறக்குமதித் தீப்பெட்டிக்கு அரசு வரியை உயர்த்தியதும் பெரிய துணையாக அமைந்தது. விழுந்தால் தாங்க ஆளிருக்கிறது என்ற தெம்பில்தான் மனிதன் துணிந்து முதல் போடுகிறான், கூடுதலாக உழைக்கிறான்.

ஒடுக்கப்பட்ட மற்றவர்கள் ஏன் இப்படி எழவில்லை என்று கேட்கலாம். மகமை வாங்க முதலில் வியாபாரம் வேண்டும். பண்ணையில் கூலிக்குக் கட்டுண்டு கிடந்தவரிடம் எதன்மேல் மகமை வாங்குவது? உழைப்பில் அவர் யாருக்கும் இளைத்தவரல்ல. உழைப்பின் பலன்தான் அவர் வீடு வந்து சேரவில்லை. சிவகாசியிலும் எல்லோர் உழைப்பும் ஒரே பலனைத் தந்துவிடவில்லை. குச்சி அடுக்கிய, பெட்டி ஒட்டிய பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றம் 1996-இல் குழந்தைத் தொழிலுக்கு எதிராகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு உழைப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மகமை சொந்த வியர்வையில் வந்தது, அரசு தருவது ஓசியில் வருவது என்பது இன்னொரு வாதம். இதில் ஓரளவு நியாயம் உண்டு: கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் முகப்பழக்கம் இருந்தது, கணக்குக் கேட்க முடிந்தது. அரசுத் திட்டங்களிலும் அந்தக் கணக்கைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் மகமையும் இஷ்டப்பட்டால் போடும் தர்மமாக இருக்கவில்லை. ஊர்க் கட்டுப்பாட்டோடு வாங்கிய பணம் அது, கிட்டத்தட்ட வரி. இன்று கூலிவேலைக்காரரும் வாங்கும் ஒவ்வொரு சோப்புக்கும் வரி கட்டுகிறார். ரேஷன் அரிசியில் அவர் பணமும் இருக்கிறது. சத்திரிய வித்தியாசாலையில் படித்த காமராஜர் முதல்வராக இருந்து 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் படித்த தலைமுறை சோம்பேறியாகவில்லை. ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் பொறியாளர்களாகவும் உழைத்து ஓய்வு பெற்றிருக்கிறது.