டிப்ஸ்டிக் குழாய்: அது வெறும் பைப் அல்ல, அளவுகோல்

கார் என்று பேச்செடுத்தால் குதிரைசக்தி, மைலேஜ், டர்போ என்று மணிக்கணக்கில் பேச ஆள் இருக்கிறது. எஞ்சின் ஓரமாக ஒல்லியாக நிற்கும் ஆயில் டிப்ஸ்டிக் குழாயைப் பற்றிப் பேசத்தான் ஆளே இல்லை. அது உடைகிற அன்றைக்குத்தான் அதற்கு மரியாதை. அந்த மரியாதையும் பெரும்பாலும் அரைகுறைதான்.. கொஞ்சம் எம்-சீல், சுற்றிலும் கறுப்பு டேப், "இது போதும் சார், வண்டி ஓடும்" என்று ஒரு ஆசீர்வாதம்.

ஓடும்தான். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

முதலில் இது ஏன் உடைகிறது என்று பார்ப்போம். இரும்புக் குழாயாக இருந்தால் துருவும் அதிர்வும் எதிரிகள். குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் போல்ட் கழன்றுவிட்டால், எஞ்சின் ஆடும்போதெல்லாம் குழாயும் ஆடும். கடைசியில் பிளாக்கில் நுழையும் இடத்தில் விண்டு போகும். பிளாஸ்டிக்காக இருந்தால் சூடுதான் எமன். ஃபோக்ஸ்வாகனின் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். இந்தியாவில் விற்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் இருந்ததும் இந்தக் குடும்பத்து எஞ்சின்தான். இதில் கீழே இரும்புக் குழாய், அதன் தலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் புனல். வருஷக்கணக்கில் வெந்து வெந்து அந்தப் புனல் அப்பளம் போல ஆகிவிடும். ஒருநாள் ஆயில் பார்க்கலாம் என்று குச்சியை இழுத்தால் புனலும் துண்டு துண்டாகக் கையோடு வந்துவிடும்.

சரி, உடைந்தால் என்ன? குச்சியைச் செருக ஓட்டை இருந்தால் போதாதா என்று தோன்றும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

இந்தக் குழாய்க்கு மூன்று வேலை. ஒன்று, குச்சிக்கு வழி காட்டுவது. இரண்டு, எஞ்சினின் அடிவயிற்றை மூடி வைப்பது. பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயு கிராங்க்கேஸில் சேரும். அதை வெளியே விடாமல் திரும்ப இன்டேக் பக்கம் அனுப்ப ஒரு ஏற்பாடு இருக்கிறது. குழாயில் விரிசல் விட்டால் அந்த வழியாக ஆயில் தெறிக்கும், தூசியும் தண்ணீரும் உள்ளே போகும். உள்ளே போகும் காற்றை சென்சார் வைத்து அளக்கும் எஞ்சின்களில் கணக்கில் வராத காற்று புகுந்து ஐடிலிங் தடுமாறும்.

மூன்றாவது வேலைதான் முக்கியம். குச்சியின் கைப்பிடி உட்காரும் இடம் குழாயின் வாய். குச்சி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்த வாயின் உயரம். அதாவது, குச்சியும் குழாயும் சேர்ந்துதான் ஒரு அளவுகோல்.

குழாயின் தலை உடைந்து வாய் தாழ்ந்துவிட்டால் குச்சி கூடுதலாக இறங்கும். ஆயில் குறைவாக இருந்தாலும் நிறைய இருப்பது போலக் காட்டும். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் 1 லிட்டர் வித்தியாசம். கோடுகளின் இடைவெளி 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், வாய் 10 மி.மீ. தாழ்ந்தாலே அரை லிட்டர் பொய்! வண்டிக்காரர் வாரா வாரம் பார்த்துத் திருப்தியாகப் போய்க்கொண்டிருப்பார். எஞ்சின் உள்ளுக்குள் வறண்டுகொண்டிருக்கும். பார்க்காதவனைவிடப் பொய்யான அளவை நம்புகிறவனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

புதுக் குழாயை முழுசாக இறக்காமல் விட்டால் இதற்கு நேர்மாறு. குச்சி குறைவாகக் காட்டும், ஊற்றிக்கொண்டே போவார்கள். மட்டம் அதிகமானால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது.

"ஆயில் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியுமே" என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் பிரஷரை, அளவை அல்ல. அது எரியும்போது பம்ப் ஏற்கனவே காற்றை உறிஞ்ச ஆரம்பித்திருக்கும். அது எச்சரிக்கை இல்லை, கிட்டத்தட்ட இரங்கல் செய்தி :-)

அப்படியானால் சரியான முறை என்ன? எஞ்சின் ஆறட்டும். குழாயைச் சுற்றி இருக்கும் மண்ணைத் துடைக்க வேண்டும். உடைந்த துண்டுகளை நோஸ் பிளேயரால் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். வெளியே எடுத்தவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஏதாவது துண்டு குறைகிறதா என்று தெரிந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் உள்ளே தள்ளிவிடுவதுதான் மகா பாவம். அந்தத் துண்டு ஆயில் சேம்பருக்குள் விழுந்து, பம்ப் உறிஞ்சும் ஜல்லடையில் போய் ஒட்டினால் ஆயில் ஓட்டமே தடைபடும். விழுந்துவிட்டது என்று தெரிந்தால் சேம்பரைக் கழற்றித்தான் ஆக வேண்டும், வேறு சமாதானம் கிடையாது.

இரும்புக் குழாய் பிளாக்கோடு சமமாக ஒடிந்திருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வைத்து, மரை வெட்டும் டேப் ஒன்றில் கிரீஸ் தடவி மெதுவாக உள்ளே திருகினால் அது மிச்சக் குழாயைக் கவ்வும். பிறகு ஆட்டி ஆட்டி மேலே இழுக்கலாம். கிரீஸ் எதற்கு என்றால், உதிரும் இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் பழைய ஆயிலை வடித்துவிடுவது நல்லது.

புதுக் குழாய் அதே எஞ்சினுக்கு உரியதாகவே இருக்க வேண்டும். "இதுவும் அதே சைஸ்தான்" என்பது செல்லாது. விட்டம் ஒன்றாக இருந்தாலும் உயரம் வேறாக இருக்கலாம். ஓ ரிங் உள்ள வகையென்றால் புது ஓ ரிங், சீலன்ட் வகையென்றால் அதற்குச் சொன்ன சீலன்ட். குழாயின் வளையம் பிளாக்கில் போய் உட்காரும்வரை இறக்கி, கிளாம்ப் போல்ட்டை முடுக்க வேண்டும். அந்த போல்ட்டை விட்டுவிட்டால் இதே கதை மறுபடியும் ஆரம்பம்.

கடைசியாக ஒரு பரீட்சை. ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, மேனுவலில் போட்டிருக்கும் அளவை மட்டும் அளந்து ஊற்றுங்கள். சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்க நேரம் கொடுத்து, சமதரையில் வைத்துக் குச்சியைப் பாருங்கள். மேல்கோட்டுக்கு அருகில் நின்றால் குழாய் பாஸ். இல்லையென்றால் எங்கேயோ தப்பு. இந்தப் பரீட்சை வைக்காமல் வேலை முடிந்தது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

மெக்கானிக்கல் படிக்கிற பசங்களுக்கு ஒரு வார்த்தை. வெர்னியரில் ஜீரோ எரர் பார்க்காமல் ரீடிங் எடுத்தால் லேபில் மார்க் போய்விடும் என்று நமக்குத் தெரியும். உடைந்த டிப்ஸ்டிக் குழாயும் ஒரு ஜீரோ எரர்தான். என்ன, இங்கே போவது மார்க் இல்லை, எஞ்சின். அதுவும் பெரும்பாலும் அந்த ஒரு வண்டியை நம்பிப் பிழைக்கிறவரின் எஞ்சின். அவருக்கு டேப் சுற்றிக் கொடுத்து அனுப்புவது உதவி மாதிரி தெரியலாம்.. உண்மையில் அது கடன். வட்டியோடு கட்டப்போவது அவர்தான்.