எது ஃபித்னா?

ஆட்சியாளருக்கு எதிராக மக்கள் வீதிக்கு வரும்போதெல்லாம் நம்மவர்களில் சிலர் உடனே உச்சரிக்கும் சொல் ஒன்று உண்டு: ஃபித்னா. போராடுவோர் குழப்பவாதிகளாம், அந்நியரின் கைக்கூலிகளாம். இக்கருத்து தம்மிடம் எவ்வழியே வந்து சேர்ந்தது என்று அவர்கள் ஒருமுறையேனும் விசாரித்ததுண்டா? சூடானில் நிகழ்ந்ததை அவர்கள் முன் வைக்கிறோம்.

2018 டிசம்பரில் ரொட்டி விலை உயர்வை எதிர்த்துத் தொடங்கிய கிளர்ச்சி, 2019 ஏப்ரல் 11 அன்று உமர் அல்பஷீரின் முப்பதாண்டு ஆட்சியை முடித்துவைத்தது. அதிகாரத்தை இராணுவம் எடுத்துக்கொண்டது. குடிமக்களின் ஆட்சி வேண்டி, கார்ட்டூமில் இராணுவத் தலைமையகத்தின் முன் மக்கள் அமர்ந்திருந்தனர். நோன்பு நோற்றதும் அங்கேதான், இஃப்தாரும் அங்கேதான். ரமளானின் இறுதி நாட்களில், ஜூன் 3 அதிகாலை, படையினர் அவர்கள் மீது பாய்ந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நைல் நதியிலிருந்து ஜனாஸாக்கள் மீட்கப்பட்டன. இணையம் துண்டிக்கப்பட்டது. ஜூலை 9 வரை அது மீளவில்லை.

கொல்லப்பட்டோரின் உறவினர் வாய் கட்டப்பட்டிருந்த அந்த வாரங்களில்தான் வேறு வாய்கள் திறந்தன. முன்னாள் இராணுவ அதிகாரி ஒருவர் நடத்திய எகிப்திய நிறுவனம், மாதம் 180 டாலர் கூலிக்கு ஆள் அமர்த்தி, பொய்க் கணக்குகளில் சூடான் இராணுவத்தைப் புகழச் செய்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. ஆகஸ்ட் 1 அன்று ஃபேஸ்புக், எகிப்திலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் இயங்கிய இரு நிறுவனங்களோடு தொடர்புடைய 259 கணக்குகளையும் 102 பக்கங்களையும் நீக்கியது. சூடான் மட்டுமன்றிப் பல நாடுகளைக் குறிவைத்த அப்பக்கங்களைப் பின்தொடர்ந்த கணக்குகள் ஒரு கோடியே 37 இலட்சம்.

அந்த இரு நிறுவனங்களை எந்த அரசோடும் அந்த அறிவிப்பு தொடர்புபடுத்தவில்லை. கூலிக்கு எழுதுவிப்பதன் வசதியே அதுதான். ஆயினும், அதே ஆண்டு ஏப்ரலில் சூடானின் தளபதிகளுக்கு 300 கோடி டாலர் உதவியை அறிவித்தவை சவூதியும் அமீரகமும் என்பதை மறக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். அதற்கான நன்றி வேறு, அநீதிக்கு வக்காலத்து வாங்குவது வேறு.

இப்பொய்கள் நம்மை முழுதாக நம்பவைக்க வேண்டும் என்பதில்லை. "இரு தரப்பிலும் தவறு இருக்கும் போலும்" என்று நாம் முணுமுணுத்துத் திரும்பிக்கொண்டாலே கூலி கொடுத்தவனுக்கு இலாபம். போராடுவோன் தனித்து விடப்படுகிறான். தனித்தவனை அடிப்பது எளிது. முஸ்லிம் நாடுகளில் மட்டும் நடப்பதன்று இது. அதே ஆகஸ்டில், ஹாங்காங் போராட்டத்தைச் சிதைக்கச் சீன அரசின் ஆதரவோடு இயங்கியதாக 936 கணக்குகளை ட்விட்டர் அம்பலப்படுத்தியது. அப்போது ஃபேஸ்புக் நீக்கிய பதிவுகளிலோ, போராடியோர் கரப்பான்பூச்சிகளாகவும் ஐஎஸ் பயங்கரவாதிகளாகவும் சித்திரிக்கப்பட்டிருந்தனர்.

செய்தி கொண்டுவருபவனைத் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அதை மிம்பரில் ஓதக் கேட்டுவிட்டு, தொழுகை முடிந்து படியிறங்குமுன்னே யாரோ எழுதிய அவதூறை ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடுகிறோமே, அதற்குப் பெயர் என்ன?

ஜூன் 30 அன்று, இணையமே இல்லாத சூடானில், குறுஞ்செய்தியாலும் வாய்மொழியாலும் அழைப்பு விடுத்து, பல்லாயிரம் பேர் மீண்டும் வீதிக்கு வந்தார்கள். ஃபித்னா என்னும் சொல்லை இவர்கள் மீது வீசுவோர், 180 டாலருக்குப் பொய் எழுதியவர்களையும் எழுதுவித்தவர்களையும் எந்தச் சொல்லால் அழைப்பார்கள் என்பதை முதலில் நமக்குச் சொல்லட்டும்.