ஆயிரம் பொற்கொல்லர்கள்

சிலப்பதிகாரம் உணர்த்தும் மூன்று உண்மைகள் யாவை? தமிழ்ப் பாடம் படித்த எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். ஆட்சியில் தவறியவனுக்கு அறமே எமன், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், முன்வினை விடாது. முழு மதிப்பெண்.

அதே நூலின் முன்பகுதியில், பதிகத்தை அடுத்து வரும் உரைபெறு கட்டுரையில், இன்னொரு செய்தி இருக்கிறது. அதைப் பற்றி எந்தக் கேள்வித்தாளிலும் நான் பார்த்ததில்லை. மதுரை எரிந்த பின் பாண்டிய நாட்டில் மழை பொய்க்கிறது. பஞ்சமும் நோயும் பரவுகின்றன. கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற்செழியன், கண்ணகிக்கு ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். பிறகு மழை பெய்கிறது.

சிலம்பைத் திருடியவன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர். கோவலனை விசாரிக்காமல் கொன்றது அநீதி என்று காப்பியம் முழுக்கச் சொல்லிவிட்டு, இந்த ஆயிரம் பேரை யார் விசாரித்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. நம் இலக்கிய வகுப்புகளின் கோளாறு இந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

ஹைதராபாத்தின் தென்கிழக்கே உள்ள காஞ்சன்பாக்கில் இந்தக் கேள்வியை எழுப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. ஏவுகணை ஆய்வு செய்யும் டிஆர்டிஎல், உலோக ஆய்வுக்கூடமான டிஎம்ஆர்எல், பாரத் டைனமிக்ஸ், ராக்கெட்டுகளுக்கான சிறப்பு எஃகு தயாரிக்கும் மிதானி எல்லாம் இங்கேதான். அப்துல் கலாம் 1982-ல் டிஆர்டிஎல் இயக்குனராக வந்து சேர்ந்த இடம். உயரமான மதில்கள், அடையாள அட்டை, வாசலில் காவலர்கள். 'ரகசியம்' என்ற சொல் இங்கே சினிமாவில் வருவதல்ல, அப்பாவின் உத்தியோகம்.

அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்குச் சில வாரங்கள் சிலம்பின் கதையைச் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் தெலுங்கும் ஹைதராபாத் உருதுவும் பேசுகிற பிள்ளைகள். செய்யுளை வாசிக்க வராது. கதையாகச் சொன்னால் காது கொடுப்பார்கள். கோவலன் வெட்டுண்டு விழுந்ததும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அங்கிள், அந்தச் சிலம்பை முதல்லயே உடைச்சுப் பார்த்திருக்கலாமே?"

பரீட்சைக்குப் படித்தவர்களுக்குத் தோன்றாத கேள்வி. ஊழ்வினை என்று எழுதிப் பழகிவிட்டால் இந்தக் கேள்வி எழாது. அரசியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். ஒரு தட்டுத் தட்டினால் உண்மை தெறித்திருக்கும். கடைசியில் தெறிக்கவும் செய்தது, கோவலன் செத்த பிறகு.

ஏன் உடைத்துப் பார்க்கவில்லை? கொலைக்களக் காதையை நிதானமாகப் படித்தால் இளங்கோ படிப்படியாகக் காட்டுகிறார். உண்மையான திருடனே முதலில் கூச்சலிடுகிறான். ஊடலில் இருக்கும் அரசியைச் சமாதானம் செய்யும் அவசரத்தில் போகும் ராஜாவை வழியில் பிடிக்கிறான். தொலைந்த சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டு வாருங்கள் என்று உத்தரவு பிறக்கிறது. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருக்கத்தான் செய்கிறது. அது எந்தச் சிலம்பு என்பதுதான் வழக்கு; அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

காவலர்களுக்குச் சந்தேகம் வருகிறது. இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், மருந்து, தந்திரம் என்று திருடர்களின் எட்டு உபாயங்களைச் சாஸ்திரம் போல ஒப்பிக்கிறான். அதாவது, அப்பாவி போலத் தெரிவதே கைதேர்ந்த திருடனின் அடையாளம். உடனே ஓர் இளம் காவலன் தனக்கு நேர்ந்த பழைய திருட்டு அனுபவம் ஒன்றைச் சொல்கிறான். இவனை விட்டுவிட்டால் ராஜா நம்மைத் தண்டிப்பாரே, என்ன செய்வது என்று கவலைப்படுகிறான். பேச்சு முடிவதற்குள் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

ஒரு பொய், ஒரு போலி நிபுணர், சம்பந்தமில்லாத ஒரு பழங்கதை, மேலிடத்துப் பயம், யோசிக்காத ஒரு கை. பொதுமக்கள் வெறி எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் உலக இலக்கியத்தில் அதிகம் இல்லை.

அமெரிக்கப் பள்ளிகளில் இதே பாடத்துக்கு ஆர்தர் மில்லரின் 'தி குரூசிபிள்' நாடகத்தை வைக்கிறார்கள். 1692-ல் மாசசூசெட்ஸின் சேலம் கிராமத்தில் சில சிறுமிகளுக்கு வலிப்பு போல வந்தது. சூனியம் என்றார்கள். முதலில் கைதானவர்கள் மூன்று பெண்கள். ஒருத்தி அடிமை, ஒருத்தி பிச்சை எடுத்தவள், ஒருத்தி நோயாளி. அந்த ஆண்டு முடிவதற்குள் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வாக்குமூலம் தர மறுத்த முதியவர் ஒருவர் பாறாங்கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டார். ஒருவரின் ஆவி கனவில் வந்து தொந்தரவு செய்ததாகச் சொன்னால் அது சாட்சியம். கனவில் வரவில்லை என்று யார் நிரூபிப்பது? சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். மறுத்தவர்கள் தூக்கில் தொங்கினார்கள்.

மில்லர் இதை மேடையேற்றியது 1953-ல். கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த காலம். 1956-ல் அவரையே நாடாளுமன்றக் கமிட்டி அழைத்து மற்றவர்களின் பெயர்களைக் கேட்டது. அவர் சொல்ல மறுத்தார். மறுவருடம் தண்டனை, 1958-ல் மேல்முறையீட்டில் அது ரத்து.

காஞ்சன்பாக் போன்ற இடங்கள் கவனிக்க வேண்டிய ஒரு கிளைக் கதையும் அந்த வேட்டைக்கு உண்டு. அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் சீனாவில் பிறந்த சியான் ஷுவேசென். 1950-ல் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் அவரது பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. ஐந்து வருடக் கண்காணிப்புக்குப் பின் 1955-ல் சீனாவுக்குப் போனார். சீனாவின் ஏவுகணைத் திட்டத்தை வளர்த்தெடுத்தார். தேசத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் தேசத்துக்குச் செய்த உபகாரம் அது.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1994 அக்டோபர் 15-ல் பிஎஸ்எல்வி ராக்கெட் முதல் வெற்றியைப் பெற்றது. அதன் இரண்டாம் கட்டத்தை இயக்கிய விகாஸ் இயந்திரத்தின் பின்னால் இருந்தவர் நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன். ஐந்தே நாளில், அக்டோபர் 20 அன்று, விசா காலம் கடந்து தங்கியதாகத் திருவனந்தபுரத்தில் மரியம் ரஷீதா என்ற மாலத்தீவுப் பெண் கைதானார். அடுத்த சில வாரங்களில் அது உளவு வழக்காக வளர்ந்தது. ஃபௌஸியா ஹசன் என்ற இன்னொரு மாலத்தீவுப் பெண்ணும், விஞ்ஞானி சசிகுமாரனும் கைதானார்கள். நவம்பர் 30-ல் நம்பி நாராயணன்.

கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தை விற்றுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்படி ஒரு தொழில்நுட்பம் அப்போது இந்தியாவின் கையிலேயே இல்லை. ரஷ்யா தருவதாக இருந்து, அமெரிக்க நெருக்குதலால் 1993-ல் பின்வாங்கியது. நம் சொந்த கிரையோஜெனிக் இயந்திரத்தோடு ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்ததே 2014 ஜனவரியில்தான். இல்லாத சரக்கை எப்படி விற்பது? இந்தக் கேள்வி ஒரு சிலம்பைத் தட்டிப் பார்க்கும் நேரத்தில் கேட்டு முடிக்கக்கூடியது. கேட்க ஆளில்லை. மாலத்தீவுப் பெண், ராக்கெட் ரகசியம், ஹோட்டல் அறை என்று பத்திரிகைகளில் தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது.

அரசியலுக்கும் அது ருசித்தது. சம்பந்தப்பட்ட போலீஸ் அதிகாரியை முதல்வர் கருணாகரன் காப்பாற்றுகிறார் என்று சொந்தக் கட்சிக்குள்ளேயே புயல் கிளம்பியது. 1995 மார்ச்சில் அவர் பதவி விலகினார். ஆதாரம் இல்லை என்று சிபிஐ 1996-ல் அறிக்கை தந்தது, கோர்ட்டும் ஏற்றது. அதன் பிறகு வந்த இடது முன்னணி அரசு மறுபடி விசாரிக்கக் கிளம்பியது. 1998 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

நம்பி 50 நாள் காவலில் இருந்தார். விசாரணையில் தான் அடிக்கப்பட்டதாகச் சொன்னார். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் இழப்பீடு அளித்தது. 2019-ல் பத்மபூஷண். 2022-ல் அவர் கதை படமாகவும் வந்துவிட்டது. வழக்கைப் புனைந்ததாக முன்னாள் அதிகாரிகள் ஐந்து பேர் மீது 2024-ல் சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அவர்களும் கோர்ட்டில் நிரூபணமாகும்வரை குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டுமே. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

மூன்று கதைகளிலும் ஒரு விஷயம் மாறவில்லை. முதலில் சிக்குபவருக்கு அந்த ஊரில் பரிந்து பேச ஆள் கிடையாது. மதுரைக்குப் புதிதாக வந்த புகார்க்காரன். சேலத்தில் அடிமைப் பெண். திருவனந்தபுரத்தில் பாஷை தெரியாத மாலத்தீவுக்காரி. மரியமும் ஃபௌஸியாவும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். அவர்களுக்குப் பத்ம விருது இல்லை. ஃபௌஸியா 2022-ல் காலமானார்.

இத்தோடு வகுப்பை முடித்தால் எல்லோருக்கும் திருப்திதான். கோவலனுக்கும் நம்பிக்கும் கண்ணீர் விடுவது சுலபம். அவர்கள் நிரபராதிகள் என்று நமக்கு ஏற்கனவே தெரியும். கொலைக்களத்தில் நிற்கும் காவலனுக்கு அது தெரியாது. அவனிடத்தில் நின்று பார்க்கப் பழக்குவதுதான் இலக்கிய ஆசிரியரின் வேலை. அதற்குத்தான் ஆயிரம் பொற்கொல்லர்கள் தேவைப்படுகிறார்கள்.

கொற்கையில் நடந்ததை யோசியுங்கள். அங்கே கூச்சலிட்டவன் திருடன் இல்லை. மக்களின் துயரம் பொய் இல்லை. ஒரு பெண்ணுக்கு மாபெரும் அநியாயம் நடந்தது உண்மை. அவள் கோபம் நியாயம். அந்த நியாயமான கோபத்தின் பெயரில்தான் ஒரு சாதியே, ஒரு தொழிலே குற்றவாளி ஆனது. பொய்யிலிருந்து மட்டுமல்ல, உண்மையான துக்கத்திலிருந்தும் வேட்டை பிறக்கும்.

காஞ்சன்பாக்கிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி சார்மினார். அதன் அருகே மெக்கா மசூதி. 2007 மே 18 வெள்ளிக்கிழமைத் தொழுகை வேளையில் அங்கே குண்டு வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். பின்னால் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர். அதையடுத்துப் பழைய நகரத்து முஸ்லிம் இளைஞர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். சித்திரவதை செய்யப்பட்டதாக, சிறுபான்மையினர் ஆணையத்துக்காக விசாரித்த வழக்கறிஞரிடம் சொன்னார்கள். வழக்குத் தொடரப்பட்டவர்கள் பின்னர் விடுதலையானார்கள். மாநில அரசு இழப்பீடு அறிவித்தது; 2013-ல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. குண்டு வைத்ததாகப் பின்னர் வேறு சிலர் மீது நடந்த வழக்கிலும் 2018-ல் ஐந்து பேர் விடுதலையானார்கள். செத்தவர்களுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. பிடிபட்ட பிள்ளைகளுக்கும் இல்லை.

இந்தக் கதையைச் சொன்னபோது என் சின்ன வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நம்பி நாராயணனுக்காகக் கொதித்த பையன் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஆனா அங்கிள், போலீஸ் சும்மா பிடிப்பாங்களா?" அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. இது அந்த இளம் காவலனின் கேள்வி. நம் எல்லோர் வாயிலும் வந்த கேள்வி. வகுப்பு உண்மையில் தொடங்குவது இந்த இடத்தில்தான். யார் முதலில் சொன்னது, அவருக்கு அதில் என்ன லாபம், எந்தச் சிலம்பைத் தட்டிப் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனோம்.

இதெல்லாம் வகுப்பறையில் ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். சேலம் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர் மட்டும் மூன்று நூற்றாண்டுகளாகப் பட்டியலில் விடுபட்டு, குற்றவாளியாகவே இருந்தது. மாசசூசெட்ஸில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர், ஆசிரியையோடு சேர்ந்து ஆவணங்களைத் தேடி, சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதினார்கள். 2022-ல் அவள் நிரபராதி என்று சட்டம் இயற்றப்பட்டது. 330 வருடம் தாமதம். ஆனாலும் நடந்தது.

கொற்கையின் ஆயிரம் பேருக்குப் பெயர்கூட இல்லை. அவர்களுக்காக மனு எழுத முடியாது. அடுத்த தமிழ்த் தேர்வில் அவர்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். மழை பெய்தது என்று காப்பியம் சொல்கிறது. அந்த மழைக்காக ஆயிரம் பேரைக் கொன்றது சரியா? விடைக்கு எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் போடுங்கள். பிள்ளைகள் யோசிக்கட்டும்.