வேகத்தின் பழியை அஜலின் மேல் சுமத்தாதீர்கள்



பழைய சொகுசுக் கார் வைத்திருக்கும் சகோதரர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், ஸலாமுக்கு அடுத்த பேச்சு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "ஃபஜ்ர் தொழுதுட்டு ஒரகடம் ரோட்டுல விட்டேன் பாய், நூத்தி எண்பது தொட்டுச்சு, வண்டி அசையவே இல்ல" என்கிறார் ஒருவர். "மாஷா அல்லாஹ்" என்கிறார் மற்றவர். அல்லாஹ்வின் திருநாமத்தை இந்த இடத்தில் எதற்காக உச்சரிக்கிறோம் என்பதே என் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நல்ல கார் வைத்திருப்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக வசதியான வாகனத்தையும் நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியிருப்பதை இப்னு ஹிப்பானின் தொகுப்பில் காணலாம். ஹலாலான வருமானத்தில், கடனில் மூழ்காமல் ஒருவர் பழைய பி.எம்.டபிள்யூ வாங்கினால், அவரைப் பார்த்து முகம் சுளிக்க எவருக்கும் உரிமையில்லை. அது நம் மண்ணில் பிறந்த வண்டியும்கூட. சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ தன் தொழிற்சாலையை 2007 மார்ச் மாதம் திறந்தபோது, அங்கு முதலில் இணைத்து உருவாக்கப்பட்டது 3 சீரிஸ் செடான்தான். இ90 எனப்படும் அந்தத் தலைமுறைக் கார் இன்று ஒரு புதிய சிறு காரின் விலைக்கே கிடைக்கிறது. எனவே முன்பு எட்டாக்கனியாக இருந்த ஒன்று நம் நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கும் வந்துவிட்டது.

அதை ஓட்டுகிறவர்கள் கூறும் அனுபவம் பொய்யன்று. அவ்வண்டியின் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டுள்ளது. எஞ்சினின் விசை பின் சக்கரங்களுக்குச் செல்கிறது. ஸ்டீயரிங் கையில் கனத்து நிற்கிறது. ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட அதன் அதிவேக வகைகளுக்கு, 250 கிலோமீட்டரைத் தாண்டாதபடி மின்னணுக் கட்டுப்பாடு வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 160-இல் செல்லும்போது 80-இல் செல்வதுபோல் தோன்றுகிறது என்று அவர்கள் சொல்வது உண்மையே.

அந்தத் தோற்றம்தான் ஆபத்து. கண்ணாடியும் கதவும் இரைச்சலை வெளியே நிறுத்தலாம். இயற்பியலை நிறுத்த முடியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி எடுத்துக்கொண்டால், நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருக்கும்போது சுமார் 65 மீட்டரில் நிற்கும். அதே கார் 160-இல் சென்றால் நிற்பதற்கு ஏறத்தாழ 190 மீட்டர் வேண்டும். இருளில், டிம் விளக்கின் ஒளி அந்தத் தொலைவில் பாதியைக்கூடக் காட்டாது. காணாத இடத்தை நோக்கி ஒன்றரை டன் இரும்பை எறிந்துவிட்டு "வண்டி அசையவே இல்லை" என்கிறோம்!

"ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு பெற்ற வண்டி" என்பது அடுத்த வாதம். ஆம், இந்த இ90 ஐரோப்பாவின் யூரோ என்கேப் மோதல் சோதனையில் 2005-இல் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அந்த முன்புற மோதல் சோதனை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடத்தப்பட்டது. 160-இல் மோதும் காரின் ஆற்றல் அதைப்போல ஆறு மடங்குக்கும் அதிகம். தவிரவும், அந்த நட்சத்திரங்கள் புதிய வண்டிக்குக் கொடுக்கப்பட்டவை. நான்கு கை மாறி நம்மிடம் வந்திருக்கும் வண்டிக்கு அல்ல.

இந்தப் பழமையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனெனில் உரிமையாளர்கள் பெருமையோடு பேசும்போது இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். இ90 ரன்-பிளாட் டயர்களோடு வந்தது. காற்று இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்திற்குள் சிறிது தூரம் ஓட்ட முடியும் என்பதால் ஸ்டெப்னி வைக்கப்படவில்லை. அவற்றின் விலையையும் நம் சாலைக் குழிகளில் அவை தரும் குலுக்கலையும் தாங்காமல் பலர் சாதாரண டயருக்கு மாறிவிட்டார்கள். அதில் தவறில்லை. ஆனால் மாற்றும்போது வேகக் குறியீட்டை எத்தனை பேர் பார்த்தார்கள்? டயரின் பக்கவாட்டில் 'எச்' என்றிருந்தால் அதன் எல்லை 210 கிலோமீட்டர்; 'வி' என்றிருந்தால் 240. அதுவும் காற்று சரியாக இருந்து, ரப்பர் கெட்டுப்போகாதவரைதான். டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கங்கள் அங்கேயே பொறிக்கப்பட்டுள்ளன. வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கப்படும் வண்டியில் டயரின் பட்டன் தேய்ந்திருக்காது; ஆனால் சித்திரை வெயிலில் நின்று நின்று ரப்பர் இறுகி வெடித்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. அதை மாற்றாமல் ஆண்டுகளைக் கடத்தினால் அதன் கொதிநிலை வெகுவாகக் குறைந்துவிடும். அதிவேகத்தில் அடுத்தடுத்து பிரேக் பிடிக்கும்போது அது கொதித்து, மிதி தரையோடு இறங்கும். சஸ்பென்ஷன் புஷ்கள் தளர்ந்திருப்பது 90-இல் தெரியாமலே இருந்து, 150-இல் வழி மாறும்போது பின்பகுதியை வீசிவிடக்கூடும்.

இவற்றையெல்லாம் விடக் கொடியது ஏர்பேக். தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் காரணமாக உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் 3 சீரிஸின் இந்தத் தலைமுறையும் உண்டு. அந்த ஏர்பேக்கை ஊதச்செய்யும் அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, மோதலின்போது தன் உலோக உறையையே உடைத்துச் சில்லுகளாக முகத்தின் மேல் வீசியிருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் சென்னைக்கும் காஞ்சிபுரத்திற்கும் பஞ்சமா?

இனி சாலையைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலை அகலமானதுதான். காலியானதாகவும் சில வேளைகளில் தோன்றும். அது யாருக்காக அகலப்படுத்தப்பட்டது? இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லரின் பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ், இவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் எண்ணற்ற சிறு ஆலைகள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நிறுவனப் பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடப்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் பாதித் தூக்கத்தில் இருக்கும் பெண்பிள்ளைகள் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. சாலையோரத்தில் விளக்கின்றி நிற்கும் கண்டெய்னர் லாரிகள், மீடியன் இடைவெளியில் எதிர்த்திசையில் புகும் டூ-வீலர்கள், படப்பையிலிருந்து வரும் காய்கறி வண்டிகள், படுத்திருக்கும் மாடுகள் ஆகியவையும் அங்கே உண்டு. நமக்கு அது அதிகாலைப் பொழுதுபோக்கு. அவர்களுக்கு அது வேலை முடிந்து வீடு திரும்பும் வழி.

வாகன வேகம் மணிக்கு 50-இலிருந்து 65 கிலோமீட்டராக உயர்ந்தாலே, மோதப்படும் பாதசாரி இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்றும், அதில் பத்தில் ஏழு மரணங்களுக்கு மிகுவேகமே காரணம் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவு செய்துள்ளது. அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டிற்கு. மத்திய அரசு 2018-இல் கார்களின் வேக வரம்பை விரைவுச் சாலையில் 120 ஆகவும், பிரிக்கப்பட்ட நான்கு வழிச் சாலையில் 100 ஆகவும் உயர்த்தியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையையே ரத்து செய்தது. 120-ஐயே ஏற்க நீதிபதிகள் மறுத்த மாநிலத்தில் நாம் 180-க்கு மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"நபியவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்களே" என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. கேட்கட்டும், அந்த ஹதீஸை முழுமையாகவும் படிக்கட்டும். புகாரியில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள்: பந்தயத்திற்கெனப் பயிற்றுவித்து மெலியவைக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை தூரம் நிர்ணயிக்கப்பட்டது, அது ஐந்து அல்லது ஆறு மைல். அவ்வாறு தயார் செய்யப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே. அது ஒரு மைல். அதாவது பந்தயத்திற்கென்று தனி இடம், எல்லை, குதிரையின் தகுதிக்கு ஏற்ற தூரம் எல்லாம் வகுக்கப்பட்டிருந்தன. தயாரில்லாத குதிரையைத் தயாரான குதிரையோடு ஓடவிடவில்லை. மதீனாவின் கடைத்தெருவிலும் ஓடவிடவில்லை. இந்த ஹதீஸை ஆதாரமாகக் காட்டுகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலேயே 1990 முதல் 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதை இருக்கிறது. அங்கே ஹெல்மெட் கேட்பார்கள், வண்டியைச் சோதிப்பார்கள், கட்டணம் வாங்குவார்கள். ஒரகடம் சாலையில் இவை எதுவும் இல்லை என்பதுதானே அதன் கவர்ச்சி?

வேகமே மார்க்கத்திற்கு விரோதம் என்றும் நான் சொல்லவில்லை. அரஃபாவிலிருந்து திரும்பும்போது நபி (ஸல்) அவர்கள் தங்கள் ஒட்டகத்தின் கடிவாளத்தை அதன் தலை சேணத்தைத் தொடும் அளவுக்கு இழுத்துப் பிடித்து, மக்களை அமைதியாகச் செல்லுமாறு கையால் சைகை செய்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இடைவெளி கண்டபோது விரைந்தார்கள் என்பதை உஸாமா (ரலி) அறிவிக்கிறார்கள். இரண்டும் ஒரே பயணம். எவ்வளவு விரையலாம் என்பதை அங்கே நிர்ணயித்தது முன்னால் சென்ற மக்களின் நெரிசல், ஒட்டகத்தின் திறனன்று.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இனிச் சொல்லப்போவதுதான். வேகத்தால் ஓர் உயிர் போய்விட்டால் நம் வீடுகளில் உடனே ஒரு சொல் புறப்படுகிறது: "அஜல் வந்துருச்சு, அவ்வளவுதான்." இறந்தவரின் குடும்பம் பொறுமை கொள்ளச் சொல்லும்போது அது ஈமானின் சொல். கொன்றவரின் குடும்பம் சொல்லும்போது அது தப்பிப்பதற்கான வழி. அஜல் அல்லாஹ்வின் ஏற்பாடு என்பதில் நமக்கு ஐயமில்லை. அதே அல்லாஹ்தான் ஸூரத்துன் நிஸாவின் 92-ஆம் வசனத்தில், தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவன் மீதும் இரண்டு கடமைகளை விதித்திருக்கிறான். ஒன்று, மன்னிக்கப்பட்டாலன்றி, குடும்பத்தாருக்குத் தியத் எனும் இழப்பீடு. மற்றொன்று பரிகாரம்: அடிமையை விடுதலை செய்தல், அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்றல். உடன்படிக்கை செய்துகொண்ட பிற சமூகத்தைச் சேர்ந்தவர் கொல்லப்பட்டாலும் இவ்விரண்டும் உண்டு என்று அதே வசனம் கூறுகிறது. சாலையைக் கடந்த ஒடிசாத் தொழிலாளியின் பெயர் என்ன, மதம் என்ன என்று பார்த்துக் குறைத்துக்கொள்ள இதில் இடமில்லை.

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1993-இல் புருனேயில் கூடியபோது சாலை விபத்துகள் குறித்துத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. ஷரீஅத்திற்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்படுவது மார்க்கக் கடமை என்றும், ஓட்டுநர் தம் வாகனத்தால் பிறருக்கு விளையும் சேதத்திற்குப் பொறுப்பாளி என்றும், தவிர்க்கவே முடியாத சூழல் போன்ற சில நிலைகளில் மட்டுமே அவருக்கு விலக்கு உண்டு என்றும் அது கூறுகிறது. வேக வரம்பைப்போல இரண்டு மடங்கில் சென்றவர் எந்த முகத்தோடு "தவிர்க்க முடியவில்லை" என்று சொல்வார்?

2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். முதலில் சில மணி நேரத்திலேயே, 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு அவனுக்கு ஜாமீன் கிடைத்தது; நாடே கொதித்தெழுந்த பிறகே அந்த உத்தரவு மாற்றப்பட்டது. நாமும் பொங்கினோம், சரிதான். ஆனால் நம் ஜமாஅத்துகளில் விபத்தில் உயிர் பறித்த எத்தனை பேரிடம் "இரண்டு மாத நோன்பு நோற்றுவிட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறோம்? வக்கீலைப் பிடிப்பதிலும், தீர்ப்பாயத்தில் தொகையைக் குறைப்பதிலும், வண்டியைக் காவல் நிலையத்திலிருந்து மீட்பதிலும் காட்டும் வேகத்தை இங்கே காண முடிவதில்லை. இன்சூரன்ஸ் கொடுக்கும் பணத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். ஆலிம்களும் ஜும்ஆ மேடையில் இந்தச் சட்டத்தைச் சொல்வது அரிது. வட்டி, வரதட்சணை பற்றிக் கேட்ட அளவுக்கு இதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. மகன் அனுப்பும் ஸ்பீடோமீட்டர் காணொளியை அத்தா குடும்பக் குழுவில் பகிர்கிறார். மாமா கட்டைவிரலை உயர்த்துகிறார். பக்கத்து இருக்கையில் அமர்ந்து கைப்பேசியைப் பிடித்திருந்தவள் திருமணமாகி ஆறு மாதமான மருமகள் என்பதை எவரும் கவனிப்பதில்லை. பெண்கள் அமர்ந்த ஒட்டகங்களை ஓட்டிய அன்ஜஷாவிடம், கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றியிருக்கிறாய், மெதுவாகச் செல் என்ற கருத்தில் நபியவர்கள் கூறியதை மேடைகளில் இனிமையாகச் சொல்கிறோம்; சாவியைக் கொடுக்கும்போது சொல்வதில்லை.

காரை விற்றுவிடுங்கள் என்று கேட்கவில்லை. டயரின் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பில்லைத் தேடுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே சேஸிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குச் சென்று, உங்கள் வண்டியின் ஏர்பேக் மாற்றப்பட்டதா என்று விசாரியுங்கள். அதுவரை அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.