வாத்தியார் எழுதட்டும்

வகுப்பில் நடப்பதை எழுதப்போவதாக ஓர் இளம் ஆங்கில வாத்தியார் சொன்னார். "அதற்குப் பண்டிதர்கள் இருக்கிறார்கள்" என்று வெட்டிவிட்டார் ஒரு பெரியவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹார்ன்பி யார்? 1924-ல் ஜப்பானுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போன வாத்தியார். 'அட்வைஸ்' என்ற சொல்லுக்குப் பன்மை உண்டா என்று லண்டன் பிள்ளை கேட்குமா? ஜப்பானியப் பையன் கேட்டாக வேண்டும். அவன் பாஷையில் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை கட்டாயமில்லை. எந்தப் பெயரை எண்ணலாம், எந்த வினைக்குப் பின் எது வரும் என்றெல்லாம் காட்டி, ஹார்ன்பியும் சக ஆசிரியர்கள் இருவரும் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-ல் ஆக்ஸ்போர்டே அதைப் பிரசுரித்தது. பண்டிதர்கள் அதுவரை எங்கே போயிருந்தார்களோ!

பண்டிதருக்கு விதி தெரியும். பையன் எங்கே தடுக்கி விழுவான் என்பது வாத்தியாருக்கல்லவா தெரியும்? அந்த நோட்டை ஏன் ஐயா பெட்டியில் பூட்டச் சொல்கிறீர்கள்?