கீழாநெல்லியும் எலியும் மோரும்

கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு மழை பெய்து ஓய்ந்தால் போதும், தென்னந்தோப்பு வரப்புகளில் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். மஞ்சள்காமாலை கண்டவர்களுக்கு அதை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது கொங்கு வீடுகளில் இன்னும் அற்றுப்போகாத வழக்கம். மூட்டுவலி என்றால் நமக்கு நினைவு வருவது முடக்கத்தான்தான். ஆனால், இரத்தத்தில் மிகும் யூரிக் அமிலத்தைக் குறைக்குமா என்று ஆய்வுக்கூடத்தில் முறையாகச் சோதிக்கப்பட்ட இலைகளுள் ஒன்று கீழாநெல்லி.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்னேஸ்வரன் முருகையாவும் சான் கிட் லாமும் 2006இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். சோதனை எலிகளில் நடந்தது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் யூரிகேஸ் என்னும் நொதி எலிக்கு இருக்கிறது. மனித இனம் அதைப் பரிணாமப் பாதையில் எப்போதோ இழந்துவிட்டது. எனவே பொட்டாசியம் ஆக்ஸனேட்டைச் செலுத்தி அந்த நொதியை முடக்கி, எலியைச் சற்று நேரம் மனிதனைப்போல ஆக்குகிறார்கள். அப்படி ஆக்கப்பட்ட எலிகளுக்கு இலைச்சாற்றைக் கொடுத்தபோது யூரிக் அமிலம் இறங்கியது. இலையிலிருந்து பிரித்தெடுத்த ஃபில்லாந்தின் என்னும் பொருள், மருத்துவர்கள் எழுதித் தரும் அலோபியூரினாலுக்கு நிகராக வேலை செய்தது. 2009இல் வெளியான அடுத்த ஆய்வு காரணத்தையும் சொன்னது: அலோபியூரினால் அமிலம் உருவாவதைத் தடுக்கிறது, கீழாநெல்லியோ பெரும்பாலும் அதைச் சிறுநீர் வழியே வெளியே தள்ளுகிறது.

இத்தகைய செய்தி வந்ததும் இரண்டு குரல்கள் எழும். 'எங்கள் பாட்டிக்குத் தெரியாததா' என்பது ஒன்று. 'எலிக்குத்தானே' என்பது மற்றொன்று. முதற்குரலை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் கால் கட்டைவிரல் வீங்கி இரவெல்லாம் உறங்காமல் கிடப்பார். இரண்டாவது குரலோ கேட்க வேண்டிய கேள்வியையே கேட்காமல் விடுகிறது.

அந்தக் கேள்வி மோரைப் பற்றியது. பினாங்கில் எலிக்குக் கொடுத்தது மெத்தனாலில் இறக்கிய சாறு. ஃபில்லாந்தின் தண்ணீரில் எளிதில் கரையாத பொருள். அப்படியானால் நம் கஷாயத்தில் அது எவ்வளவு இறங்கும்? வெண்ணெய் எடுத்த மோரில் எவ்வளவு, எடுக்காத மோரில் எவ்வளவு? பாட்டியின் பெருமையைப் பேசுகிறவர்கள்தான் இதை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

செடியின் பெயரிலும் குழப்பம் இருக்கிறது. ஃபில்லாந்தஸ் நிரூரி என்று நம் நூல்கள் பலவும் எழுதிவந்தாலும், தாவரவியலார் அப்பெயரை அமெரிக்கக் கண்டத்துச் செடிக்கே ஒதுக்குகிறார்கள். நம் வரப்பில் நிற்பது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ்.

அந்த அமாரஸைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற பாரூச் புளூம்பெர்க்கும் மற்றவர்களும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் சோதித்து 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. போலிமருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. நாடே பூரித்தது. பிறகு வேறிடங்களில் செய்த சோதனைகள் பலவற்றில் அந்த முடிவு திரும்ப வரவில்லை. செடி வேறா, பறித்த பருவம் வேறா, தயாரித்த முறை வேறா, அல்லது முதல் முடிவே தற்செயலா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது.

ஆகவே செய்ய வேண்டிய சோதனை எளிமையானது. இனம் உறுதிசெய்த செடி, வீட்டில் அரைக்கும் முறை, குறித்த அளவு, சில வாரங்கள். மாத்திரை உண்பவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் அதைத் தொடர்ந்துகொண்டே சேரலாம். இரத்தத்தோடு சிறுநீரையும் அளக்க வேண்டும். வெளியேறும் யூரிக் அமிலம் சிறுநீரகத்தில் தங்கினால் கல்லாகும். பிரேசில் மக்களோ இதே நிரூரியைக் 'கல்லுடைப்பான்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்து, சிறுநீரகக் கல்லுக்கே குடிக்கிறார்கள்.